எதிர்க்கடை ஓ நெகட்டிவ்

துணியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு முடிப்பதற்குள் தையல்காரர் மூன்று முறை எதிர்க்கடையை எட்டிப் பார்த்துவிடுவார். அங்கே மூக்குக்கண்ணாடி விற்பவர் இருமினால் போதும், இங்கே மெஷின் நின்றுவிடும். "பாரு, நேத்து மழையில நனைஞ்சான். இன்னிக்கு லொக்கு லொக்குங்கறான். இவனுக்குக் கொஞ்சமாவது பொறுப்பு இருக்கா?" என்று காஜா எடுக்கும் மனைவியிடம் பொருமுவார்.

பாசம் என்று நினைத்துவிட வேண்டாம். யார் பெயர்ப்பலகை யார் கடையை மறைக்கிறது என்ற தகராறில் இருவருக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சே கிடையாது. சிக்கல் ரத்தத்தில் இருக்கிறது. தையல்காரருக்கு ஓ நெகட்டிவ். அவசரமென்றால் அவர் ரத்தத்தை யாருக்கும் ஏற்றலாம். அவருக்கோ இன்னொரு ஓ நெகட்டிவ்தான் சேரும். அவருக்குத் தெரிந்து அப்படி ஒருவர்தான் உண்டு. ஒரு ரத்ததான முகாமில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த இந்தக் கண்ணாடிக்கடைக்காரர்.

"குடுக்க ஊரே சொந்தம். வாங்கிக்க இவன் ஒருத்தன். என் தலையெழுத்தைப் பாத்தியா?"

ரத்தம் கொடுத்துவிட்டு வரும் நாளில் மட்டும் தெருவில் ராஜநடை. "நம்ம சரக்கு எவனுக்கும் சேரும்!"

போன வாரம் டாக்டர் அவர் வயிற்றில் கட்டி இருப்பதாகச் சொன்னார். சனிக்கிழமை ஆபரேஷன். ஒரு பாட்டில் ரத்தம் கையில் இல்லாமல் கத்தியைத் தொட மாட்டாராம். ரத்த வங்கியிலோ அந்த வகை இருப்பில் இல்லை.

"நீ போய்க் கேளேன்" என்று மனைவியிடம் குழைந்தார்.

"வயிறு உங்களுது, வாயும் உங்களுது. சனிக்கிழமைக்குள்ள நீங்களே போய்க் கேளுங்க!"

இரண்டு நாள் வீம்பிலேயே போயிற்று. புதன்கிழமை தெருவைக் கடந்தார். வந்த காரியத்தை விட்டுவிட்டு ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"தலைகீழா மாட்டியிருக்கீங்க" என்றார் கடைக்காரர். இரண்டு வருஷத்தில் முதல் பேச்சு. "சனிக்கிழமை எத்தனை மணிக்கு வரணும்?"

"உமக்கு யாருய்யா சொன்னது?"

"உங்க வீட்டம்மா போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டுச்சே. அதுக்கு முன்னாடியே சந்தேகம்தான். வயித்தைப் பிடிச்சுக்கிட்டு மெஷினை மிதிச்சா எதிர்ல இருக்கிறவனுக்குத் தெரியாதா? போன முகாமுக்குக்கூட நான் போகல. உங்களுக்குத் தேவைப்படும்னு வெச்சிருக்கேன்."

கண்ணாடியைக் கழற்ற நீண்ட கடைக்காரரின் கையையே தையல்காரர் பார்த்தார். மணிக்கட்டுப் பொத்தான் ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. காலரில் குத்தியிருந்த ஊசியை உருவினார். அந்தக் கையைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துத் தைக்கத் தொடங்கினார்.

"ஆடாம நில்லுய்யா."