கோர்வைக்கு உட்கார்ந்தவள்

அம்சவேணிக்குப் பொறாமை ஒரு மரப்பலகையின் மேல். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அவள் வீட்டுத் தறியின் வலது ஓரத்தில் கிடந்த, உட்கார்ந்து உட்கார்ந்து வழவழத்துப் போன பலகை அது.

பட்டுச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் ஒரு ஆள் நெய்து முடியாது. நெசவாளி குறுக்கிழை ஓட்டும் தன் நாடாவைத் தள்ள, ஓரத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். அதைத்தான் கோர்வை என்பார்கள். அம்சவேணியின் கணவன் கோதண்டபாணிக்குக் கோர்வைக்கு உட்கார்ந்தவள் அவன் தங்கை ஜெயம்மாள். இரண்டு பேரும் வாய் திறப்பதில்லை. அவன் முழங்கை அசையும், இவள் கை நீளும். கல்யாணமான நாளாக அம்சவேணி பேசிப் பேசியும் புருஷனிடம் பெற முடியாததை நாத்தனார் பேசாமலே பெற்றுக்கொண்டிருந்தாள்.

அம்சவேணியும் நெசவுக் குலம்தான். ஆனால் அவள் அப்பா தறியை விட்டுவிட்டுக் கூரம் கிராமத்தில் விவசாயத்தில் இறங்கிவிட்டவர். அவள் மாட்டோடும் வைக்கோலோடும் வளர்ந்தாள். புகுந்த வீட்டில் அவளுக்குக் கொடுத்த வேலை சமையலும், நாடாவுக்குள் வைக்கும் குச்சியில் நூலேற்றித் தார் சுற்றுவதும். நாள் முழுக்க ராட்டையில் தார் சுற்றுகிறவளை யாரும் நெசவுக்காரி என்று சொல்வதில்லை.

ஒருமுறை அவள் கேட்டே விட்டாள், நான் உட்காரட்டுமா என்று. கோதண்டபாணி சிரித்தான்.

“உனுக்கு மாட்டைக் கட்டத்தான் தெரியும். பட்டை ஏன் கெடுக்கற?”

ஜெயம்மாளுக்கு வயது இருபத்தைந்து தாண்டிவிட்டது. வந்த வரனிலெல்லாம் அண்ணன் ஒரு குறை கண்டுபிடித்தான். உறவில் நமச்சிவாயம் என்றொருவன், தறியை மூட்டை கட்டிவிட்டு வேன் ஓட்டப் போனவன், பெண் கேட்டு வந்தான். தறி இல்லாதவனுக்குப் பெண் இல்லை என்று கோதண்டபாணி அனுப்பிவிட்டான். கொடுத்துவிடலாமே என்று அம்சவேணி வாயெடுத்ததற்கு, என் தங்கச்சியைத் துரத்தப் பார்க்கிறாயா என்று கேட்டான். அதோடு அவள் வாய் அடைத்துப் போயிற்று. நாத்தனாரை விரட்டினாள் என்ற பேரை எந்தப் பெண்தான் வாங்குவாள்?

அறுபத்தொன்பதாம் வருஷம் வைகாசியில், சின்ன காஞ்சிபுரத்து வாத்தியார் ஸௌந்தரராஜன் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போய்வந்த கதையைத் தெருவெல்லாம் சொன்னார். அந்த வயிற்றெரிச்சல் கோதண்டபாணியைப் பிடித்துக்கொண்டது. ஊட்டிக்கு வசதி போதாது. ஜவ்வாது மலைக்குப் போவோம், கூடாரம் அடித்துத் தங்குவோம், அதெல்லாம் வாத்தியாருக்கு வருமா என்று கிளம்பிவிட்டான். பெண் கொடுக்க மறுத்த வீடென்றாலும் நமச்சிவாயத்தின் வேனுக்குச் சொல்லியனுப்ப அவனுக்குக் கூச்சமில்லை. நமச்சிவாயத்துக்கும் வரக் கூச்சமில்லை.

ஊர் உலகம் மலைக்குப் போவது பௌர்ணமியில். நெசவாளிக்கோ அமாவாசைதான் தறி நிற்கும் நாள். அதனால் இவர்கள் அமாவாசையில் போனார்கள். ஆரணி, போளூர் தாண்டி மலைப்பாதை ஏறியதும் அம்சவேணியின் பிள்ளைகள் இரண்டும் மாற்றி மாற்றி வாந்தியெடுத்தன. அவள் ஒன்றின் நெற்றியைப் பிடித்தாள், ஒன்றுக்கு எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து மலை பார்த்தவள் ஜெயம்மாள். சாமை மூட்டையோடு வழியில் நின்ற மலைக்காரி ஒருத்தி, நிலா இல்லாத நாளில் வந்து என்னத்தைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டாள். அதற்கு அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அதுகூட அம்சவேணிக்குப் பிடிக்கவில்லை.

ஓடைக்கரையில் சமதரையாக ஓரிடம் கிடைத்தது. அம்சவேணி மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டினாள். நமச்சிவாயம் தண்ணீருக்குப் போனான். அண்ணனும் தங்கையும் தார்ப்பாயை விரித்துக் கூடாரம் போட ஆரம்பித்தார்கள். இவன் கயிற்றை வீச அவள் பிடித்தாள், அவள் மூங்கிலை நிமிர்த்த இவன் ஆப்பு அடித்தான். ஒரு வார்த்தை கிடையாது. தறியில் பார்த்த அதே கூத்து மலையிலும்.

ஒரு பக்கம் கயிறு எட்டவில்லை. இரண்டு துண்டைச் சேர்க்க வேண்டியதாயிற்று. தறியில் பழைய பாவு நூலோடு புதுப் பாவு நூலை நெசவாளி முடிச்சுப் போட்டுச் சேர்ப்பதில்லை. விரலில் சாம்பல் தொட்டு இழையோடு இழையை முறுக்கிப் பிணைப்பான். ஆயிரக்கணக்கான இழை கூடிச் சுமப்பதால் அது நிற்கும். கை பழகின பழக்கத்தில் ஜெயம்மாள் தேங்காய்நார்க் கயிற்றையும் அப்படியே நுனியோடு நுனி முறுக்கி, ஒரு சுற்றுச் சுற்றி விட்டாள். காளையைக் கட்டித் தெரிந்த எவளுக்கும் பார்த்த உடனே தெரியும், அது நிற்காது. அம்சவேணிக்குத் தெரிந்தது. சொல்ல எழுந்தாள்.

அப்போது கோதண்டபாணி பிள்ளைகளிடம் பெருமையாகச் சொன்னான்: “பாத்தீங்களா? எனுக்கும் உங்க அத்தைக்கும் வாயே வேணாம்.”

அம்சவேணி உட்கார்ந்து அடுப்பை ஊதினாள்.

சாயங்காலம் கோடைமழை காற்றோடு வந்தது. எல்லாரும் கூடாரத்துக்குள் ஓடினார்கள். பிணைப்பு நனைந்து வழுக்கியது. மூங்கில் பிள்ளைகள் பக்கம் சாய்ந்தபோது ஜெயம்மாள் குறுக்கே கையை நீட்டினாள். அடி அவள் வலது மணிக்கட்டில் விழுந்தது.

செய்ய வேண்டியதை அம்சவேணி செய்தாள். எலும்பு முறிந்தால் வீக்கம் ஏறுவதற்கு முன் வளையலைக் கழற்ற வேண்டும், கழற்றினாள். கன்றுக்குட்டியின் காலுக்குக் கட்டிய பழக்கத்தில் மூங்கிலைப் பிளந்து இரண்டு சிம்பு வைத்து, துண்டைக் கிழித்துக் கட்டினாள். விரலை அசைக்கச் சொல்லிப் பார்த்தாள். கட்டுகிற நேரமெல்லாம் ஜெயம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். அம்சவேணி தான் போடும் கட்டை மட்டும் பார்த்தாள். ஜெயம்மாளை வேனின் முன் சீட்டில் ஏற்றினார்கள். நமச்சிவாயம் பள்ளம் பள்ளமாகப் பார்த்து, கண்ணாடிப் பெட்டியை ஏற்றி வந்தவன்போல மலையிறங்கினான்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். தறியில் பாதிச் சேலை. வேறு ஆள் கிடைக்கவில்லை. அம்சவேணி பலகையில் உட்கார்ந்தாள்.

கேட்டது கிடைத்தால் இனிக்கும் என்பார்கள். அவளுக்கு இனிக்கவில்லை. நாடா தப்பியது, கரை ஓரம் கண்ணி கண்ணியாகத் தொங்கியது. கோதண்டபாணி திட்டவில்லை. பரவாயில்லை என்று சொல்லிப் பிரித்தான். தங்கையென்றால் ஒரு இழை தப்பினாலும் சுள்ளென்று விழுகிறவன், இவளிடம் விருந்தாளியிடம் பேசுவதுபோல் பேசினான். திட்டு வாங்குவதற்கும் ஒரு உரிமை வேண்டும் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது.

மூலையில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஜெயம்மாள் ஒருநாள் சொன்னாள்: “நாடாவைப் பாக்காத அண்ணி. முழங்கையைப் பாரு.”

அன்றிலிருந்து கை படிந்தது.

மாவுக்கட்டை எடுத்தார்கள். ஜெயம்மாள் வலி போகவில்லை என்றாள். அம்சவேணி தினமும் வெந்நீர் ஒற்றடம் கொடுத்து, நல்லெண்ணெய் தடவி, துணியைப் பிழியச் சொல்லிப் பழக்கினாள். எத்தனை செய்தும் வலி வலி என்றே சொன்னவள், ஒருநாள் கோதண்டபாணி வெளியே போயிருந்தபோது, கொல்லையில் நிறைகுடத்தை அதே கையால் தூக்கி இடுப்பில் வைத்தாள். அம்சவேணி பார்த்துவிட்டாள்.

“நோவுதுன்னியே?”

“நோவலன்னா பலகையில உக்காரணுமே அண்ணி.”

“உக்காரேன்.” பலகையைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமலே அம்சவேணி சொன்னாள்.

ஜெயம்மாள் குடத்தை இறக்கினாள். “அந்தக் கயிறு நிக்காதுன்னு உனுக்குத் தெரியும். பாத்துக்கினுதானே இருந்தே?”

“இருந்தேன்.”

“ஏன்?”

“பொறாமை. அந்தப் பலகை மேல.”

ஜெயம்மாள் சிரித்தேவிட்டாள். “நல்லா இருக்குது. உனுக்குப் புருசன், ரெண்டு புள்ளைங்க. எனுக்கு ஒரு பலகை. உன்னைப் பாத்து நான் எத்தினி நாளு வயிறெரிஞ்சிக்கினு கெடந்தேன் தெரியுமா? எடுத்துக்கோ. நல்லாக் கத்துக்கோ. நீ கத்துக்கினாதான் எங்கண்ணன் என்னை உடுவாரு.”

கயிற்று விஷயம் அந்தக் கொல்லையைத் தாண்டவில்லை. மன்னிப்புக் கேட்கவுமில்லை, கொடுக்கவுமில்லை. வெறிபிடித்தவள்போல அம்சவேணி பழகினாள். ஐப்பசியில் கோதண்டபாணி முதல்முறையாக அவளை, கண்ணை எங்கே வைத்திருக்கிறாய் என்று சுள்ளென்று திட்டினான். அவளுக்கு உச்சி குளிர்ந்தது. அந்த மாதமே நமச்சிவாயம் மறுபடி பெண் கேட்டு வந்தான். தறி இல்லாதவன் என்று கோதண்டபாணி பழைய பல்லவியைத் தொடங்கினான். அம்சவேணி இழையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

“இந்தத் தறிக்குத்தான் ஆளு இருக்குதே.”

அவனுக்குச் சொல்ல வேறு காரணமில்லை. தையில் கல்யாணம் நடந்தது.

அடுத்த வைகாசி அமாவாசைக்கு நமச்சிவாயத்தின் வேன் தெருமுனையில் வந்து நின்றது. மறுபடி ஜவ்வாது மலை. முன் சீட்டில் ஜெயம்மாள், தலை நிறையப் பூவோடு. பின்னால் பாத்திரம், பிள்ளைகள், எலுமிச்சம்பழம், அம்சவேணி. வளைவுகளில் ஜெயம்மாள் விரலை லேசாக அசைத்தாள். நமச்சிவாயம் வேகத்தைக் குறைத்தான். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. வாரத்துக்கு ஒரு ஊர் பார்க்கிறாளாம், திருப்பதி, சித்தூர், ஏலகிரி என்று. அம்சவேணி வருஷத்துக்கு ஒருமுறை தறியை விட்டு எழுந்தால் அதிகம். அவள் கண் அந்த முன் சீட்டை விட்டு நகரவில்லை.

ஓடைக்கரையில் தார்ப்பாயை இறக்கினார்கள். கயிற்றை யாரும் தொடுவதற்கு முன் அம்சவேணி வாங்கிக்கொண்டாள். வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் காளைக்குப் போடுகிற முடிச்சாகப் போட்டு, காலை ஊன்றி இழுத்து இறுக்கினாள்.