அப்பாவின் ஓட்டு

செங்கல்பட்டு வட்டாரத்தில் எந்த ஊர் எந்தப் பக்கம் சாயும் என்பதை ஐம்பதுகளில் நான் ஓரளவு சரியாகவே சொல்லிவந்தேன். சென்னைப் பத்திரிகை ஒன்றுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். மாமல்லபுரத்தை ஒட்டிய மீனவர் குப்பங்கள் முந்தின மாலையே மணலில் பஞ்சாயத்து கூடி முடிவெடுத்துவிடும். மறுநாள் குப்பம் முழுவதும் ஒரே சின்னத்துக்குப் போடும். உள்ளே தள்ளியிருக்கும் விவசாய கிராமங்களில், யார் வீட்டு மாட்டு வண்டியில் ஜனங்கள் வந்து இறங்குகிறார்கள் என்று பார்த்தால் போதும். ரயில்வே குடியிருப்பு இரண்டாகப் பிரியும். கடைத்தெரு மட்டும் வாயைத் திறக்காது; எல்லாக் கட்சிக்காரர்களும் அங்கே வாடிக்கை.

என் கணக்கில் வராத ஓட்டு ஒன்று எங்கள் வீட்டிலேயே இருந்தது. அது அப்பாவுடையது.

யுத்தத்துக்கு முன்பு ரங்கூனில் ஓர் அரிசி ஆலைக்குக் கணக்கு எழுதப் போனவர் அவர். அங்கே குண்டு விழுந்த பிறகு பலர் நடந்தே ஊர் திரும்பினார்கள். அவர் வரவில்லை. இறந்துவிட்டார் என்று சொல்லவும் எவரும் வரவில்லை. அம்மா பொட்டை அழிக்கவில்லை. உறவுக்காரர்கள் கொஞ்ச காலம் அதைப் பற்றிப் பேசிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

முதல் பொதுத்தேர்தலுக்கு வாக்காளர்களைப் பதிய வெளியூர் குமாஸ்தா ஒருவர் வந்தபோது நான் வீட்டில் இல்லை. அம்மா தன் பெயரைச் சொன்னாள், என் பெயரைச் சொன்னாள். புருஷன் பெயரைச் சொல்வது எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு வழக்கமில்லை. அடுத்த வீட்டு அத்தை வேலிக்கு அந்தப் புறமிருந்து அதை உரக்கச் சொன்னாள். குமாஸ்தா எழுதிக்கொண்டு போனார். ஆள் எங்கே என்று அவர் கேட்கவில்லை.

அப்போதெல்லாம் வேட்பாளருக்கு ஒரு பெட்டி. பள்ளிக்கூடத்து வகுப்பறையில், மறைப்புக்குப் பின்னால், சின்னம் ஒட்டிய பெட்டிகள் வரிசையாக இருக்கும். கையில் கொடுக்கும் சீட்டை வேண்டிய பெட்டியில் போட்டால் ஆயிற்று. பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்களும் உண்டு. அம்மா மதியத்துக்கு மேல் போனாள். பட்டியலில் அவள் பெயரைத் தேடிய கட்சி ஏஜெண்டு, எங்கள் ஊருக்குப் புதியவர், சாதாரணமாகச் சொன்னாராம்:

"உன் வூட்டுக்காரரு காலைலயே வந்து போட்டுட்டு பூட்டாரும்மா. நீதான் லேட்டு."

அம்மா வரிசையை விட்டு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டாள். சாயங்காலம் நான் வந்தபோது வாசல் தெளித்திருந்தது. மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் புதுப் புடவையில் இருந்தாள்.

"உங்கப்பா வந்துகீறாருடா. ஸ்கூலாண்ட பாத்துகீறாங்க."

கள்ள ஓட்டு என்றால் என்னவென்று அவளுக்கு விளக்கினேன். ஊரில் இல்லாதவர் பெயரில் வேறொருவன் போடுவான், எல்லா ஊரிலும் நடப்பதுதான் என்றேன். அவள் முழுவதையும் கேட்டாள்.

"நீ பாத்தியா?"

"இல்லம்மா. நான் அப்ப குப்பத்துல இருந்தேன்."

"அப்ப உனுக்கு எப்டித் தெரியும்?"

கண்ணால் பார்க்காததை எழுதக் கூடாது என்று எனக்கும் பத்திரிகையில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சாப்பிட உட்கார்ந்தேன். அம்மா இன்னொரு தட்டும் வைத்திருந்தாள்.

இரண்டாவது தேர்தல் வந்தபோது அவள் இந்த முறை ஏமாறுவதாக இல்லை. ஓட்டுச்சாவடி திறக்கும் முன்பே போய், பள்ளிக்கூட ஜன்னலுக்கு வெளியே பூவரச நிழலில் உட்கார்ந்துகொண்டாள். அவர் வந்தால் தன் கண்ணில் படாமல் போக முடியாது என்பது அவள் கணக்கு. கட்சிப் பையன்கள் சீண்டினார்கள்.

"இன்னா யக்கா, சாய்ங்காலம் பெட்டிய நீயே தூக்கினு போவப் போறியா?"

"உன் தலைவருக்கு தேறப் போறது நாலு சீட்டு. அத தூக்க நான் எதுக்குடா?"

கடற்கரை ஊர்களைச் சுற்றிவிட்டு மதியம் அங்கே வந்தேன். குப்பங்கள் முதன்முறையாக இரண்டாகப் பிரிந்து போட்டுக்கொண்டிருந்தன. அன்று அதுதான் பெரிய செய்தி. உடனே போய்த் தந்தி கொடுக்க வேண்டும். ஆனால் சைக்கிளைச் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வீட்டுக்கு வா என்றதற்கு அவள், "பேர் கூப்ட்டா இங்க நல்லா கேக்குது" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் கேட்டது. ஏஜெண்டுகளின் காதில் விழ வேண்டும் என்பதற்காக அதிகாரி ஒவ்வொரு பெயரையும் உரக்கப் படிப்பார். அப்பாவின் முழுப் பெயரை, அவருடைய அப்பா பெயரோடு சேர்த்துப் படித்தார். பிறர் வாயிலிருந்து அதைக் கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது. அம்மா போலீஸ்காரரைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். நான் பின்னால் ஓடினேன்.

மேஜைக்கு முன்னால் மை வைத்துக்கொள்ள விரலை நீட்டியபடி நின்றவனுக்கு என் வயதுகூட இராது. எதிர்க்கட்சி ஏஜெண்டு எழுந்துவிட்டார். "சார், இது அவரு இல்ல. அவரு சம்சாரமே வந்துகீது, கேளுங்க."

அதிகாரி செங்கல்பட்டில் பள்ளி ஆசிரியர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அம்மாவைக் கேட்டார். "இவர்தான் உங்க வீட்டுக்காரராம்மா?"

யாரோ சிரித்தார்கள். அந்தப் பையன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இது யாரு பெத்த புள்ளயோ. அவரு இன்னும் வரல. அவரு சீட்ட தனியா எடுத்து வையுங்க, வந்து போடுவாரு."

அப்படி எடுத்து வைக்க விதியில்லை என்று சொல்ல அவர் வாயெடுத்ததைப் பார்த்தேன். என்னைப் பார்த்தார். பிறகு, "சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கும்மா" என்றார். அதற்குள் பையன் நழுவிவிட்டான்.

பெட்டிகளுக்கு அரக்கு வைத்து வண்டியில் ஏற்றும் வரை அம்மா இருந்தாள். திரும்பி நடக்கும்போது கடல் பக்கமிருந்து வந்த உப்புக்காற்றில் முந்தானையைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"இந்த வாட்டி அவரு ஓட்ட யாரும் போடல இல்ல?"

"போடல."

"அடுத்த வாட்டி அவரு வந்து நின்னா, நீ முன்னியே போட்டுட்டன்னு திருப்பி அனுப்ப மாட்டாங்க இல்ல?"

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, "மாட்டாங்க" என்றேன்.