எங்க குடும்பத்துல யாருக்கும் இல்ல சார்

கடைவாய்ப் பல் வலித்தபோது கிராம்பை அடக்கிக்கொண்டு, மேலே ஒரு குவார்ட்டரையும் ஊற்றிக்கொண்டு கதை எழுதினேன். ஆணை நேசிக்கும் ஆண்களைப் பற்றிய கதைகள். பாதி பத்திரிகைகள் திருப்பி அனுப்பிவிடும். நிலையான வேலை கிடையாது. காசிருந்தால் ஊர் சுற்றல், இல்லாவிட்டால் செல்வம் போடும் சோறு. இதில் பல்லையெல்லாம் எவன் மதித்தான்?

செல்வம் என்னோடு வாழ்பவன். அப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டினான். விழுப்புரத்தில் வாடகைக்கு வீடு பிடித்தபோது அண்ணன் தம்பி என்று சொன்னோம். அன்றிலிருந்து எல்லோருக்கும் அதே பதில்தான். உண்மை தெரிந்தால் வேன் சாவியை அன்றைக்கே பிடுங்கிக்கொள்வார்கள்.

ஒரு காலையில் தாடைக்கு அடியில் கல்போல வீங்கி, நாக்கு மேலே தூக்கிக்கொண்டது. எச்சில் விழுங்க முடியவில்லை, பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்ததுமே லட்விக் ஆஞ்சைனா (பல்லின் சீழ் நாக்குக்கு அடியில் பரவி மூச்சுப்பாதையை அடைக்கும் நோய்) என்றார். உடனே கீறி எடுக்காவிட்டால் மூச்சு நின்றுவிடுமாம்.

தியேட்டர் வாசலில் மயக்க மருந்து டாக்டர் வந்தார்.

"நீங்க யாரு?"

"தம்பி சார்," என்றான் செல்வம்.

"குடும்பத்துல யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்காம போயிருக்கா?"

"எங்க குடும்பத்துல யாருக்கும் இல்ல சார்."

பாவி, சொல்லிச் சொல்லிப் பழகிப்போய்த் தன் குடும்பத்தை நினைத்துக்கொண்டு சொல்லிவிட்டான். என் சித்தப்பா குடலிறக்க ஆபரேஷனில் மேசையிலேயே செத்தவர். எங்கள் வீட்டோடு உறவு அறுந்தபின் அவர்கள் கதை எதையும் நான் செல்வத்திடம் பேசியதில்லை.

தலையை ஆட்டினேன். பயம் என்று நினைத்து நர்ஸ் தோளை அமுக்கினார். எழுதிக் காட்டக் கையைத் தூக்கினேன், ட்ரிப்ஸ் கழன்றுவிடும் என்று அதையும் பிடித்துக்கொண்டார். எழுத்தாளனாம் எழுத்தாளன்! ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. மறு கையால் செல்வத்தின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன். என் கண்ணைப் பார்த்ததும்தான் யார் குடும்பத்தைக் கேட்டார்கள் என்று அவனுக்கு உறைத்தது.

"சார், நிறுத்துங்க! நான் கூடப் பொறந்தவன் இல்ல. இவுரோட குடும்பம் நடத்திக்கினு இருக்கிறவன். இவுரு வூட்ல கேக்கணும் சார்!"

பக்கத்தில் நின்ற ஆயாவின் பேத்தி அவன் வேனில்தான் பள்ளிக்கூடம் போகிறாள். அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

திண்டிவனத்தில் இருக்கும் என் அக்கா பல வருஷமாக என்னோடு பேசுவதில்லை. செல்வம் என் போனில் அவள் நம்பரைத் தேடி அடித்து ஸ்பீக்கரில் போட்டான்.

"யாரு நீ?"

"செல்வம்க்கா. உங்க தம்பிகூட இருக்கிறவன். ஆபரேஷனுக்கு இட்டுக்கினு போறாங்க. உங்க வூட்ல யாருக்காவது மயக்க ஊசி ஒத்துக்காம போயிருக்கா? ஜல்தி சொல்லுங்க."

"சித்தப்பாவுக்கு. ஊசி போட்டதும் ஒடம்பு நெருப்பா கொதிச்சி, கை காலெல்லாம் வெறைச்சிப் போச்சி. ஐயோ, அத இவனுக்குப் போட்டுறாதீங்க!" அக்கா அழுதாள்.

டாக்டர் மருந்தை மாற்றினார் (சில மயக்க மருந்துகள் பட்டதும் தசை இறுகிச் சூடு கட்டுக்கடங்காமல் ஏறும் கோளாறு பரம்பரையாக வரக்கூடியது). கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்து, சீழை எடுத்தார்கள். பிழைத்தேன்.

செல்வத்தின் வேலை போயிற்று. இப்போது கூட்டேரிப்பட்டில் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அக்கா வீட்டுக்குக் கூப்பிடவில்லை, போனில் மட்டும் விசாரிக்கிறாள்.

எங்களைப் போல வாழ்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். தெருவுக்கு எந்த உறவை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் வீட்டில் யார் எப்படிச் செத்தார்கள் என்பதைக் கூட இருப்பவரிடம் சொல்லி வையுங்கள்.

என் உடம்பு என் இஷ்டம் என்று திரிந்தவன் நான். அந்த உடம்புக்குள் சித்தப்பாவும் இருந்திருக்கிறார். இப்போது எதையும் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விடுவதில்லை. போன வாரம் ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது, கூட வந்தது யார் என்று கவுன்டரில் ஒரு பெண் கேட்டாள். செல்வம் வாயைத் திறக்குமுன் என் கரகரத்த குரல் முந்திக்கொண்டது.

"என் வூட்டுக்காரரும்மா."