கூட்டின் அளவு

மோயாற்றங்கரையிலிருந்து பவானிசாகரை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். முன்னால் கேமராக்காரர், பின்னால் அவருடைய ஸ்டாண்டைச் சுமந்தபடி கூலிக்கு வந்த நான். அவருக்கு ஒட்டிய கன்னம், வெயிலில் கறுத்த கழுத்து. லென்ஸ் மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவார்.

வருஷா வருஷம் பிணந்தின்னிக் கழுகுகள் கூடு கட்டும் நீர்மருத மரத்துக்கு எதிரில் நாள் கணக்கில் காத்திருந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒன்றுகூட வரவில்லை. கிளம்பும்போது என்னை மரத்தடியில் நிறுத்தி, பழைய கூட்டைப் படம் எடுத்தார்.

"வெறுங் கூட்ட எதுக்குங்க எடுத்தீங்க?" என்றேன்.

"இங்க கழுகு இருந்துச்சுன்னு நாளைக்குக் காட்டோணுமல்ல கண்ணு."

"காக்காக் கூடும்பாங்க."

அவர் மூடியை வாயிலிருந்து எடுத்தார். "அதுக்குத்தான் உன்னைய நிக்க வெச்சேன். ஆளு பக்கத்துல நின்னாத்தான் கூடு எத்தன பெருசுன்னு தெரியும்."

மூடியை லென்ஸில் மாட்டிவிட்டு நடந்தார். பஸ் ஏறும்வரை மரம் இருந்த பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் காலை கோபிப் பக்கம் ஒரு தோட்டத்தில், செத்த எருமைக்குக் குழி வெட்டும் வேலை கிடைத்தது.

"முந்தியெல்லாம் கரட்டு மேட்டுல போட்டாக் கழுகே தின்னுபோடுமுங்க. இப்ப நாத்தந்தான் மிச்சம்" என்றார் தோட்டக்காரர். வெட்டி முடித்ததும், ஆழம் பார்க்க என்னைக் குழிக்குள் நிற்கச் சொன்னார்.