கதவுக் கண்ணாடிக்குப் பின்னால

போன வருசத்துக்கு முந்தின வருசம், ஆடி மாசம். ஜேர்மனியில ஹம் நகரத்தில, நாங்கள் இருக்கிற மூண்டாம் மாடி வீட்டில நடந்தது. எங்களுக்கு மேல ஒருத்தரும் இல்லை, ஓடுதான். இஞ்ச பக்கத்தில ஊன்ட்றொப்பில இருக்கிற எங்கட அம்மன் கோயில் தேருக்கு வெறுங்காலோட நடந்து, தார் றோட்டில கொப்பளிச்ச கால் அப்பதான் ஆறி வந்தது. அதைவிட மோசமான வெக்கை பிறகு வந்து குந்தினது.

நான் பள்ளிக்கூடம் பெரிசாப் போகாதவன். கதைக்கிற மாதிரித்தான் எழுத வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

வெக்கை எண்டா எனக்கு ஒரு பெருமை. இஞ்ச வர முதல் சவூதியின்ர தெற்குப் பக்கம், மலையடிவாரத்துப் பாலைவனத்தில கட்டிட வேலை செய்தனான். மத்தியானத்தில கம்பியைத் தொட்டா தோல் கம்பியோட போகும். பாலைவனத்தில மழை எண்டா நம்பமாட்டியள். ஆனா அந்தப் பக்கம் கோடையிலதான் மழை. காலமை முழுக்க நெருப்பு. பின்னேரம் மலைப்பக்கம் கறுத்து, இடி முழங்கி, காய்ஞ்சு கிடந்த ஆத்துக்குள்ளால ஒரேயடியா வெள்ளம் வரும். ஒருக்கா எங்கட லொறியையே கொண்டு போனது. இந்தக் கதையை நான் சொல்லாத ஆக்கள் இல்லை. என்ர மனிசி சொல்லுவா, "அந்த லொறி வெள்ளத்தில போன தூரத்தைவிட உங்கட வாயில போன தூரம்தான் கூட" எண்டு.

எங்களுக்கு நேர கீழ் வீட்டில ஒரு ஜேர்மன் அம்மா. தனிய இருக்கிறா. எண்பது வயசு கிட்ட வரும், முழங்கால் ஏலாது, கைத்தடியோடதான் நடக்கிறவ. கண்டா ஹலோ சொல்லுவம், அவ்வளவுதான். அந்த வெக்கையில ஒரு நாள் காலமை படியேறி வந்து, யன்னலைச் சாத்துங்கோ, றொல்லாடனை இறக்குங்கோ எண்டா. றொல்லாடன் எண்டது யன்னலுக்கு வெளியால சுருட்டி இறக்கிற தட்டி. இன்னும் என்னவோ சொன்னவ. நான் "யா, யா" எண்டு சொல்லிக் கதவைச் சாத்தினன். கதவைத்தான் சாத்தினன், யன்னலை இல்லை.

ஏனெண்டா முந்தி இருந்த வீட்டில, கறி மணக்குது எண்டு பக்கத்து வீட்டுக்காரர் ஓயாம முறைப்பாடு குடுத்து, கடைசியில நாங்கள் வீடு மாற வேண்டி வந்தது. அந்தப் புண் எனக்கு ஆறேல்லை. இவவும் மணத்துக்குத்தான் வந்திருக்கிறா எண்டு முடிவு கட்டிப்போட்டன். மனிசி வயோதிபர் இல்லத்தில துப்பரவு வேலை செய்தவ, டொச் பாசை என்னைவிட விளங்கும். அந்த வயசுபோன அம்மா மூச்சு வாங்கி ஏறி வந்து சொல்லுது, நல்லதுக்கு இல்லாட்டி ஏன் வருது எண்டு கேட்டா. நான் சொன்னன், வெக்கையைப் பற்றி எனக்கோ படிப்பிக்கிறா, புழுங்கினா யன்னலைத் திறக்கிறதுதானே உலக வழக்கம் எண்டு. நாலு யன்னலையும் அகலத் திறந்து விட்டன்.

அடுத்த நாள் அதோட விட்டனானோ? இல்லை. தூள் முடிஞ்சுது, மிளகாய் வறும் எண்டன் மனிசிக்கு.

"இந்த வெக்கைக்கையோ? விசரே உங்களுக்கு?"

"வறும். மணம் எண்டா என்னெண்டு அவவுக்குக் காட்டுவம்."

மனிசி பிறசருக்குக் குளிசை போடுற ஆள். சரி, தூளும் வேணும்தானே எண்டு புறுபுறுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனா. கொஞ்ச நேரத்தால மணி அடிச்சது. கதவில கண் வைச்சுப் பாக்கிற சின்னக் கண்ணாடிக்குள்ளால பாத்தன். கீழ் வீட்டு அம்மாதான். ஒரு கையில தடி, மற்றக் கையில ஈரத் துணிப்பொட்டளி. நான் திறக்கேல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு நிண்டன். அவ சுவரில சாஞ்சு நிண்டு, இன்னொருக்கா அடிச்சுப் பாத்திட்டு, திரும்பி இறங்கத் தொடங்கினா. தடி ஒவ்வொரு படியிலயும் தட்டுற சத்தம் கேக்குது. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு வெற்றிச் சிரிப்பு.

அப்ப பின்னால மிளகாய் வறுத்த தாச்சி விழுந்த சத்தம். ஓடிப்போனா மனிசி நிலத்தில கிடக்கிறா. ஒரு சொட்டு வேர்வை இல்லை, உடம்பு தாச்சி மாதிரிக் கொதிக்குது. என்னைப் பாத்து யாரெண்டு தெரியாம, செத்துப்போன தன்ர தாயைக் கூப்பிடுறா. நான் கதவைத் திறந்து குளறினன். பாதிப் படி இறங்கினவ திரும்பி ஏறி வந்தா. அடுப்பை நிப்பாட்டினா. பொட்டளியை அவிட்டா. யன்னலில தொங்கவிட எண்டு எங்களுக்குக் கொண்டு வந்த ஈரப் படுக்கை விரிப்பு அது. அதை மனிசியில சுத்தினா, ரெலிபோனில அம்புலன்சைக் கூப்பிட்டா.

அதுக்குள்ள வானம் கறுத்து, இடி. காத்து வந்து நான் திறந்து விட்ட யன்னலை அடிச்ச அடியில கண்ணாடி நொருங்கி மழை உள்ளுக்க வந்திட்டுது. மரம் விழுந்து றோட்டு மூடியாம், அம்புலன்ஸ் சுணங்கும் எண்டு சொல்லிச்சினம். கீழ கொண்டு வா எண்டு அவ கையைக் காட்டினா. மனிசியைத் தோளில போட்டுக்கொண்டு இறங்கினன்.

அந்த வீட்டுக்க கால் வைச்சன். இருட்டு. கோயில் மூலஸ்தானம் மாதிரிக் குளிர்மை. அந்த இடத்திலதான் எனக்குச் சவூதியில கண்ட ஒரு கிழவர்ர ஞாபகம் வந்தது. எங்களோட வேலை செய்த யேமன்காரர். விடியவே தன்ர மண்வீட்டுக் கதவு, யன்னல் எல்லாம் சாத்தி, ஈரச் சாக்குத் தொங்கவிட்டு, பின்னேரம் இடி முழங்கி மழை வந்தாப் பிறகுதான் திறப்பார். காத்தைப் பூட்டி வைக்கிற மனிசன் எண்டு நாங்கள் பெடியள் பட்டம் வைச்சுச் சிரிச்சனாங்கள். லொறி போனதை ஊரெல்லாம் சொன்ன எனக்கு, இது ஒரு நாளும் ஞாபகம் வரேல்லை.

மனிசி ஆசுப்பத்திரியில கிடந்து எழும்பி வந்தா. அந்த ஈரத் துணிதான் காப்பாத்தினது எண்டு டொக்டர் சொன்னாராம். வந்த கையோட வடை சுட்டு ரெண்டு பேருமாக் கீழ கொண்டு போனம். நான் மணத்தைப் பற்றி நினைச்சதை மனிசி ஒளிக்காமல் சொல்லிப்போட்டா. அந்த அம்மா ஒரு வடையைக் கடிச்சுக்கொண்டு சொன்னவ:

"மணம் எண்டா மணம்தான், பொய் சொல்ல மாட்டன். ஆனா அதுக்காக இந்த முழங்காலோட படி ஏறுவனோ?"

பிறகு என்னைப் பாத்து, கோவமில்லாமல் இன்னொண்டு சொன்னா. அண்டைக்கு மணி அடிச்சு நிக்கேக்க, நான் கண் வைச்சதில கதவுக் கண்ணாடி இருண்டதைத் தான் கண்டவவாம்.

கண்டிட்டும்தான் திரும்பி ஏறி வந்தவ. இப்ப ஒவ்வொரு கோடைக்கும் காலமையே நான்தான் றொல்லாடனை இறக்கிறன். வீடு இருண்டு குளிர்ந்து போகும். ஆனா கதவுக்குப் பின்னால மூச்சடக்கி நிண்ட அந்த என்னை நினைக்க, இருட்டுக்குள்ளயும் எனக்கு முகம் கொதிக்கும்.