இரண்டங்குல மரியாதை

“மூச்சை விடுங்க, பூட்டுக்காரரே. இழுத்துப் பிடிச்சா உயிர்தான் போகும், தொப்பை போகாது.”

பூட்டுக்காரர் மூச்சை விட்டார். தொப்பை தன் இடத்துக்குத் திரும்பி வந்தது. தையல்காரர் டேப்பைச் சுற்றிப் பிடித்து, குனிந்து பார்த்து, மேசைக்குக் கேட்கும்படி கூவினார்.

“முப்பத்தஞ்சு!”

நர்ஸ் அட்டையில் எழுதிக்கொண்டாள். கடை வளாகத்தின் கீழ்த்தளத்தில் லிஃப்டுக்கு எதிரே சர்க்கரை நோய்ப் பரிசோதனை முகாம். முதல் மாடிக்குப் போவதற்குக்கூட லிஃப்டுக்குக் காத்து நிற்பவர்கள் தாமாகவே வந்து மாட்டிக்கொண்டார்கள்.

ரத்தம் சோதிக்கும் பட்டைகள் குறைவாகவே வந்திருந்தன. அதனால் முதலில் இடுப்பளவு. ஆண்களில் முப்பத்தாறு இஞ்சைத் தாண்டியவர்களும், அப்பா அம்மாவுக்கு இந்த நோய் இருந்தவர்களும் விரலை நீட்டவேண்டும். மற்றவர்கள் போகலாம். நர்ஸ் டேப்பை எங்கோ வைத்துவிட்டு வந்திருந்தாள். தையல்காரர் கழுத்தில் ஒன்று தொங்கியது.

“மாஸ்டர், கொஞ்சம் அளந்து சொல்றீங்களா?”

அவர் அளக்க வரவில்லை, அளக்கப்பட வந்திருந்தார். வந்தார் என்பதைவிட அனுப்பப்பட்டார் என்று சொல்லலாம். கொஞ்ச காலமாக அவருக்குத் தாகம் அடங்கவில்லை. கட்டைவிரலில் ஊசி குத்திய புண் ஆறாமல் இருந்தது. காலையில் மனைவி அவருடைய பேண்ட்டை அவர் மடியிலேயே போட்டாள்.

“இனிமே இதைப் பிரிச்சு விட என்னால முடியாது. பிரிக்கறதுக்கு உள்ளே துணியே இல்ல. போய் விரலைக் குடுத்துட்டு வாங்க.”

ஊசியோடு வாழ்கிறவருக்கு அடுத்தவர் கையில் இருக்கும் ஊசி என்றால் நடுக்கம். நடுக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அவருடைய அப்பாவும் தையல்காரர்தான். கடைசிக் காலத்தில் மிஷின் மிதிக்க அவருக்கு ஒரு கால்தான் மிச்சம் இருந்தது. அதை வீட்டில் யாரும் பேசுவதில்லை. அளக்கிறவனை யார் அளக்கப் போகிறார்கள் என்று தையல்காரர் சந்தோஷமாக டேப்பைக் கழற்றினார்.

இங்கே அவருடைய தொழில் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். கடைக்கு வருகிறவரிடம் உண்மையான இடுப்பளவைச் சொன்னால் அவர் முகம் சுருங்கிவிடும். அடுத்த துணியை வேறு கடைக்குக் கொண்டுபோவார். எனவே தையல்காரர் இரண்டு இஞ்ச் குறைத்துக் கூவுவார். உள்ளே வெட்டு மேசையில் நிற்கும் மனைவி, காதில் விழுந்ததோடு இரண்டைக் கூட்டி வெட்டுவாள். இதைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. கல்யாணமான புதிதில் தானாக அமைந்துபோன ஏற்பாடு. பேண்ட் சரியாக இருக்கும், மனிதரும் சிரித்துக்கொண்டே போவார்.

முகாமிலும் அவர் வாய் பழக்கப்படியே கூவியது. கூட்டுவதற்குத்தான் ஆள் இல்லை.

“இந்த வளாகத்துல எல்லாரும் ஒல்லியாத்தான் இருக்கீங்க” என்றாள் நர்ஸ், வரிசையைச் சந்தேகமாகப் பார்த்து. “உலகத்துல பெரியவங்கள்ல ஒன்பது பேர்ல ஒருத்தருக்கு இது இருக்கு. அதுல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இருக்கறதே தெரியாது.”

வரிசை தன்னைத் தானே எண்ணிப் பார்த்தது. ஒன்பதாவதாக நின்ற சலூன்காரர், “நீங்க அவசரமா இருக்கீங்க போல” என்று பின்னால் இருந்தவரை முன்னால் விடப் பார்த்தார். அவர் புரிந்துகொண்டு, “எனக்கென்ன அவசரம்?” என்று நகர மறுத்தார்.

சலூன்காரரின் முறை வந்தபோது தையல்காரரின் மனைவி மாடியில் இருக்கும் கடையிலிருந்து படியிறங்கி வந்தாள். கணவர் விரலைக் கொடுத்தாரா என்று பார்க்க வந்தவள். டேப் சுற்றியது.

“முப்பத்தஞ்சு!”

“முப்பத்தேழு” என்றாள் அவள், பழக்கத்தில்.

லிஃப்ட் வந்து கதவு திறந்தது. யாரும் ஏறவில்லை.

“யாருக்கு முப்பத்தேழு?” என்றார் சலூன்காரர்.

அவள் கணவரைப் பார்த்தாள். பிறகு மேசைமேல் இருந்த அட்டைகளைப் பார்த்தாள். என்ன நடந்திருக்கிறது என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

“சிஸ்டர், இவர் சொன்ன எல்லாத்துலயும் ரெண்டு கூட்டிக்கோங்க. இவர் வாய் அப்படி.”

“அடப்பாவி மாஸ்டர்!” என்றார் பூட்டுக்காரர். “உங்க கடை அளவை நம்பி, நான் இளைச்சுட்டேன்னு வீட்டுல சண்டை போட்டு ஜெயிச்சிருக்கேனே!”

தையல்காரர் சலூன்காரரிடம் மன்னிப்பாக ஏதோ முணுமுணுத்தார்.

“விடுங்க மாஸ்டர். நான் உங்க பின்னந்தலைக்கு ஒரு தடவையாவது கண்ணாடி காட்டியிருக்கேனா?”

தையல்காரரின் கை பின்னந்தலைக்குப் போனது.

நர்ஸ் டேப்பை வாங்கி மனைவியிடம் கொடுத்தாள். “நீங்க அளங்க, அக்கா. முதல்ல அளந்தவரையே அளங்க.”

மனைவி கணவரைச் சுற்றிக் கைபோட்டாள். நாலு பேர் பார்க்க அவள் அவரை அணைப்பது போல இருந்தது இதுவே முதல் தடவை. அவர் அவள் காதருகில், “ரெண்டு குறைச்சுச் சொல்லேன்” என்றார்.

“முப்பத்தொன்பது!” கீழ்த்தளம் முழுவதும் கேட்டது.

“அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை இருந்துச்சா?” என்றாள் நர்ஸ்.

“அப்பா தையல்காரர்.”

“நான் தொழிலைக் கேக்கல.”

மனைவி டேப்பைச் சுருட்டிக்கொண்டே அவரைப் பார்த்தாள்.

“இருந்துச்சு” என்றார். “கால் எடுத்தாங்க.”

அவர் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடி, விரலை நீட்டினார்.

“குத்தறதுக்கு முன்னாடி சொல்லுங்க, சிஸ்டர்.”

“குத்தியாச்சு.”

கருவி இருநூற்று எண்பது காட்டியது. அவர் எட்டிப் பார்த்தார். “கொஞ்சம் கூடக் காட்டுதோ?”

“அதுக்கு உங்க மரியாதையெல்லாம் தெரியாது, மாஸ்டர்.” நர்ஸ் அவருடைய கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள். அவள் சிரிப்பு போய்விட்டது. “இதை மட்டும் வச்சு முடிவு சொல்ல முடியாது. நாளைக்கு வெறும் வயித்தோட லேபுக்குப் போங்க. நாள் பூரா உக்காந்த வேலை, அப்பாவுக்கு இருந்திருக்கு, இடுப்பும் இப்படி. தள்ளிப் போடாதீங்க.”

“கால் போயிடுமா?”

“கவனிக்காம விட்டாத்தான் அந்தப் பயம். நீங்க இப்பவே பாத்துக்கலாம்.”

அவர் எழுந்துகொண்டார். மனைவி பூட்டுக்காரரை அழைத்தாள். பூட்டுக்காரர் மூச்சை இழுக்கவில்லை.

மறுநாள் தையல்காரர் காபிகூடக் குடிக்காமல் லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்தார். கடைக்குப் படியேறிப் போனார். நடுவில் ஒருமுறை நின்றார். சலூன்காரர் பேண்ட் துணியோடு வந்தார். தையல்காரர் அளந்து முப்பத்தேழு என்றார். மனைவி பழக்கத்தில் முப்பத்தொன்பதுக்கு வெட்டிவிட்டாள். அதைச் சரிசெய்ய மத்தியானம் ஆனது. மாலையில் முடிவு வந்தது. சர்க்கரை நோய்தான். டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார், புண்ணுக்குக் கட்டுப் போட்டார், தினமும் நடக்கச் சொன்னார். கடை மூடும் முன் மனைவி கணவருக்குப் புதுப் பேண்ட் வெட்டினாள். இடுப்பு முப்பத்தொன்பது. பிற்பாடு பிரித்து விடுவதற்கென்று உள்ளே துணி விடவில்லை.