நாட்டின் பெயர் சொல்லிப் படம் எடுத்தவர்

கிழக்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனை ஒட்டிய ஸ்டுடியோவில் விசாவுக்குப் படம் எடுக்கப் போயிருந்தேன். படம் எடுப்பவருக்கு ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். ‘ரெடி’ என்று சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. போகிற நாட்டின் பெயரைச் சொல்லித்தான் கேமராவை அமுக்குவார். எனக்கு முன்னால் உட்கார்ந்த பெண்ணுக்கு “கனடா” என்றார். அவள் முகத்தில் ஒரு களை வந்துவிட்டது.

“உனக்கு எந்த நாடும்மா? நாட்டுக்கு நாடு சைஸ் மாறும்.”

இங்கிலீஷ் டீச்சர் வேலை, முதல் வேலை, ஓமானிலும் தாய்லாந்திலும் கிடைத்திருக்கிறது என்றேன். சித்தப்பா அங்கே இருப்பதால் அம்மா ஓமானுக்குப் போகச் சொன்னாள். அண்ணன் தாய்லாந்து என்றான். என் மனசு எந்தப் பக்கமும் சொல்லவில்லை.

“அப்ப ரெண்டுக்கும் எடுத்துடலாம்.”

“ஓமான்” என்று ஒன்று எடுத்தார். “தாய்லாந்து” என்று இன்னொன்று. கண்ணாடியை இறக்கிக்கொண்டு கம்ப்யூட்டரில் பார்த்தார்.

“ரெண்டுலயும் மூஞ்சி ஒரே மாரி கீதும்மா.”

அவர் மறுபடி கேமராவை எடுத்து, “தாம்பரம்” என்று சொல்லி அமுக்கினார். அந்தப் படத்தைச் சற்று நேரம் பார்த்தார்.

“இது விசாவுக்கு ஆவாது” என்று அழித்துவிட்டார்.

இப்போது ஓமானில் இருக்கிறேன். மூன்றாவது படத்தில் என் முகம் என்ன செய்தது என்று அவரைக் கேட்காமலே வந்துவிட்டேன்.